ஜெனோவா: கீழிருந்து பார்த்தால் பிடிக்காத ஊர்

நீங்கள் கேட்டது இதுதான்: மே மாதம் மிலானில் வந்து இறங்குகிறீர்கள். அப்பா, அம்மா கூட வருகிறார்கள். கடலோரத்தில் மூன்று இரவுகள் கையில் இருக்கின்றன. எல்லோரும் சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து கடலோரக் கிராமங்களுக்குப் போகச் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் ஜெனோவாவில் தங்கச் சொன்னார், ஆனால் தேடிப் பார்த்தால் அது அழுக்கான துறைமுகம் என்று பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி. எல்லோரும் சைவம். போகலாமா, வேண்டாமா?

போகலாம். மூன்று இரவும் ஜெனோவாவிலேயே தங்குங்கள் என்றுதான் சொல்வேன். நான் அங்கே மூன்று வருடம் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் பாசம் கூடுதலாக இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அழுக்கு என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். ரயிலை விட்டு இறங்கி நேராகத் துறைமுகத்துக்கு நடந்தால் முதலில் கண்ணில் படுவது தலைக்கு மேலே ஓடும் ஒரு நெடுஞ்சாலை. 1965-இல் கட்டியது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே கான்கிரீட் தூண்களை நட்டு, பழைய கட்டடங்களின் மூன்றாம் மாடி உயரத்தில் கார்களை ஓட விட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருட்டான சந்துகள், உலர்த்தப் போட்ட துணிகள், மூத்திர நாற்றம். அரை மணி நேரம் சுற்றிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

இந்த ஊரை மேலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். மலை நேராகக் கடலில் வந்து முடியும் இடம் அது, நடுவில் சமதரை என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டுதான் உண்டு. அந்தத் துண்டில் ஆயிரம் வருடமாக நெருக்கியடித்துக் கட்டியதுதான் பழைய ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடம் போதாமல் மலைமேல் ஏறினார்கள். மேலே குடியேறியவர்கள் தினமும் இறங்கி ஏற வேண்டுமே, அதற்காக ஊர் முழுக்க லிஃப்ட்டுகளும், கம்பியிழுக்கும் மலை ரயில்களும் வைத்தார்கள். இவை சுற்றுலாவுக்காக வைத்த வேடிக்கை அல்ல, பேருந்து போல அன்றாடப் போக்குவரத்து. காய்கறிப் பையோடு பாட்டிகள் ஏறுவார்கள். மலைச்சரிவில் சில வீடுகளுக்கு வாசலே மேல்மாடியில்தான் இருக்கும்: சாலையிலிருந்து ஒரு சின்னப் பாலம் போட்டு மொட்டைமாடி வழியாக உள்ளே போய், கீழே இறங்கி வீட்டுக் கதவைத் திறப்பார்கள்.

ஆக, அம்மாவின் முட்டிக்கு இத்தாலியக் கடலோரத்தில் இதைவிட வசதியான ஊர் கிடையாது. சிங்க்வே தெர்ரேயில் எல்லாமே படிதான். இங்கே ஏற்றிவிட லிஃப்ட் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். முட்டிவலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. லிஃப்ட்டில் ஏறிவிட்டு "இறங்குவதுதானே, நடந்தே போகலாம்" என்று கிளம்பாதீர்கள். இறங்கவும் லிஃப்ட்டே.

முதல் நாள் காலையிலேயே போர்தெல்லோ சதுக்கத்துக்குப் போங்கள். ஓடு பதித்த ஒரு நீண்ட சுரங்கப் பாதை மலைக்குள் போகும், அதன் கோடியில் கஸ்தெல்லெத்தோ லிஃப்ட். 1909-இல் ஓடத் தொடங்கியது. கதவு திறந்து வெளியே வந்தால் ஊர் மொத்தமும் காலடியில் கிடக்கும். சாம்பல் நிறப் பலகைக்கல் கூரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவே சந்துகள் இருப்பதே தெரியாத அளவுக்கு நெருக்கமாக. அங்கங்கே கூரைமேல் ஒரு குட்டித் தோட்டம், தொட்டியில் எலுமிச்சை. வலப்பக்கம் தூரத்தில் பாரந்தூக்கிகளுக்கு நடுவே ஒல்லியாக நிற்பதுதான் லந்தெர்னா, 1543-இல் திரும்பக் கட்டிய கலங்கரை விளக்கம், 77 மீட்டர் உயரம். அதற்கு அப்பால் கடல். அங்கே இருக்கும் பெஞ்சில் அரை மணி உட்காருங்கள். எது எங்கே இருக்கிறது என்று அப்பா ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால், கீழே சந்துக்குள் தொலைந்துபோகும்போது உதவும். தொலைவீர்கள், அதில் சந்தேகமே இல்லை.

இறங்கி வந்தால் இரண்டு நிமிட நடையில் வியா கரிபால்டி. ஏறக்குறைய 250 மீட்டர் நீளம், இரண்டு வண்டி ஒதுங்கும் அகலம். இந்தத் தெருவின் இரு பக்கமும் நிற்பவை பதினாறாம் நூற்றாண்டுச் செல்வர்களின் மாளிகைகள். ஜெனோவா அப்போது குடியரசு. மன்னர் கிடையாது, அரண்மனையும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும் தலைவர்தான். அப்படியிருக்க, வெளிநாட்டு மன்னரோ கர்தினாலோ வந்தால் எங்கே தங்க வைப்பது? 1576-இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஊரிலுள்ள பெரிய மாளிகைகளைத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டு, விருந்தாளி வரும்போது அவர் அந்தஸ்துக்குத் தக்க தரத்திலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் சொந்தச் செலவில் விருந்தோம்ப வேண்டும். பட்டியலுக்கு ரொல்லி என்று பெயர், அதனால் ரொல்லி மாளிகைகள். உயர்ந்த தரத்தில் பெயர் இருந்தால் பெருமை, சீட்டு விழுந்தால் பணப்பை காலி! நூற்றுக்கு மேற்பட்ட அந்த மாளிகைகளில் 42-ஐ யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ரொல்லி நாட்கள் என்று சில நாள் நடக்கும், அப்போது வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக்கூடத் திறந்து காட்டுவார்கள். உங்கள் தேதி அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

மற்ற நாட்களில் மூன்று மாளிகைகள் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கும், ஒரே சீட்டு. சிவப்பு மாளிகை எனப்படும் பலாஸ்ஸோ ரொஸ்ஸோவை மட்டும் விட்டுவிடாதீர்கள், கூரைமேல் ஏறிப் பார்க்கலாம். பலாஸ்ஸோ துர்சியில் வயலின் மேதை பகானினியின் வயலின் இருக்கிறது. 1743-இல் குவார்னேரி தெல் ஜேசு என்ற பெயர்பெற்ற கைவினைஞர் செய்தது. அதன் முழக்கத்துக்காகப் பகானினி வைத்த பெயர் "பீரங்கி". அவர் பிறந்தது இந்த ஊரில், சாகும்போது வயலினை ஊருக்கே எழுதிவைத்துவிட்டார். கண்ணாடிக்குள் சும்மா கிடந்து கெட்டுப்போகாமல் இருக்க அவ்வப்போது யாராவது கலைஞரிடம் கொடுத்து வாசிக்க வைக்கிறார்கள். அம்மாவுக்குச் சங்கீதத்தில் பிடிப்பு இருந்தால் அங்கே நேரம் போவதே தெரியாது.

அதற்குத் தெற்கே இறங்கினால் பழைய ஊர். சந்துகளை அங்கே கருஜ்ஜி என்பார்கள். சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும், மேலே ஆறேழு மாடி, வானம் ஒரு கீற்று. மூலைக்கு மூலை சுவரில் மாடம் வைத்து மாதா சிலை. வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ள வரிசையை இங்கே கடைப்பிடிக்க முயல வேண்டாம். தோன்றிய பக்கம் திரும்புங்கள், சரிவில் இறங்கிக்கொண்டே இருந்தால் எப்படியும் துறைமுகம் வரும். பகலில் பயமில்லை. இருட்டிய பிறகு மட்டும் வியா ப்ரே பக்கமும் மத்தலேனா பக்கமும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அங்கே பாலியல் தொழிலும் போதைப் பொருளும் வெளிப்படையாகவே நடக்கும்.

முகவரி தேடும்போது ஒரு சிக்கல் வரும், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் வீட்டுக்குக் கறுப்பு எண், கடைக்குச் சிவப்பு எண், இரண்டும் தனித்தனி வரிசை. ஒரே தெருவில் கறுப்பு 12 ஒரு கோடியில் இருக்கும், சிவப்பு 12 இன்னொரு கோடியில் இருக்கும். எழுதும்போது சிவப்பு எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள். நான் வந்து சேர்ந்த முதல் இரவு, பெட்டியோடு போய் ஒரு பூட்டுக்கடையின் இழுகதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து முதலில் திட்டினார், அப்புறம் கறுப்பு எண்ணைக் காட்டினார்.

சான் லொரென்சோ பேராலயம் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முகப்போடு நிற்கும், தேடவே வேண்டாம். உள்ளே வலப்பக்கம் சுவரோரம் ஒரு பெரிய பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரி 9 காலை பிரிட்டிஷ் கடற்படை ஊரைக் குண்டு வீசித் தாக்கியபோது இப்படி ஒரு 381 மில்லிமீட்டர் குண்டு கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்து, வெடிக்காமல் போனது. ஊர்க்காரர்கள் அதை மாதாவின் அருள் என்கிறார்கள். அதைச் சுட்டதாகச் சொல்லப்படும் போர்க்கப்பலின் பெயர் மலாயா. பிரிட்டனுக்காக அதைக் கட்டப் பணம் கொடுத்தது மலாய்க் கூட்டாட்சி மாநிலங்களின் அரசு. வெள்ளீயமும் ரப்பரும் கொழித்த காலம் அது. அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அந்தக் குண்டின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான்.

நம்மோடு தொடர்புள்ள இன்னொரு இடம் கடற்கரைக்கு இறங்கியதும் வருகிறது, சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். பலாஸ்ஸோ சான் ஜோர்ஜோ. கடல் பக்கம் முகப்பு முழுக்க வண்ண ஓவியம். பின்பகுதி 1260-இல் கட்டிய கல் கட்டடம். 1407-இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி, ஐரோப்பாவின் மிகப் பழைய வங்கிகளில் ஒன்று, இங்கேதான் இயங்கியது. வங்கி வருவதற்கு முன்பு இது சிறையாக இருந்தது. வெனிஸோடு நடந்த கடற்போரில் பிடிபட்ட மார்கோ போலோவை இங்கேதான் அடைத்து வைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. எந்த அறை என்பதில் சண்டை இருக்கலாம், ஜெனோவாவின் சிறையில் 1298 வாக்கில் ருஸ்திகெல்லோ என்ற பீசா நகரத்துக் கைதி அவர் சொல்லச் சொல்ல எழுதினார் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. அந்தப் புத்தகத்தில்தான் பாண்டிய நாட்டுக் கடற்கரை வருகிறது. காயல் துறைமுகத்தில் வந்து இறங்கும் குதிரைகள், மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பவர்கள், சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லிவிட்டு முத்தில் இருபதில் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும் பிராமணர்கள், இடுப்பில் துணியும் கழுத்தில் 104 முத்தும் மாணிக்கமும் கோத்த கயிறுமாக நிற்கும் அரசன். காயல்பட்டினத்தின் கதையை ஐரோப்பா முதன்முதலில் விரிவாகக் கேட்டது ஏதோ அரசவையிலிருந்து அல்ல, வேலையற்ற இரண்டு கைதிகள் பேசிப் பொழுது போக்கிய இந்தத் துறைமுகச் சிறையிலிருந்துதான்.

கொலம்பஸ் வீடு? போர்த்தா சொப்ரானா என்ற பழைய கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி வீடு இருக்கிறது. பழைய வீடு போய், பதினெட்டாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது அது. வெளியிலிருந்து பார்த்தால் போதும். பணம் கொடுத்து உள்ளே போகாதீர்கள். அதற்கு வாசலின் இரட்டைக் கோபுரங்கள் எவ்வளவோ மேல்.

பழைய துறைமுகத்தைக் கொலம்பஸின் ஐந்நூறாம் ஆண்டை ஒட்டி 1992-இல் திருத்தி அமைத்தவர் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ, இதே ஊர்க்காரர். 2018-இல் 43 பேரைப் பலிகொண்டு இடிந்த மொராந்தி பாலத்துக்குப் பதிலாக எழுந்த புதிய பாலத்தின் வடிவமும் அவருடையதுதான். மீன் காட்சியகம் ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றில் ஒன்று, ஆனால் விலை அதிகம், கூட்டமும் அதிகம், அரை நாளை விழுங்கிவிடும். குழந்தைகள் கூட வராத நீங்கள் அதைத் தள்ளிவிடலாம். பதிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கலாதா கடல் அருங்காட்சியகம். இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன இத்தாலிய ஏழைகளின் பயணத்தை, அவர்கள் படுத்த மரப் பரண்கள் உட்பட, அங்கே காட்டியிருக்கிறார்கள்.

சரி, சாப்பாடு. சைவர்களுக்கு இது நல்ல ஊர். காலையில் ஃபொக்காச்சா. விரல் பதித்த குழிகளில் ஆலிவ் எண்ணெயும் உப்பும் தேங்கி நிற்கும் தட்டையான ரொட்டி. ஊர்க்காரர்கள் அதைக் கப்புச்சினோவில் முக்கித் தின்பார்கள், முகம் சுளிக்காமல் ஒருதடவை செய்து பாருங்கள். சில கடைகளில் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு, "ஸ்த்ரூத்தோ இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவது. முட்டை கிடையாது, பால் கிடையாது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே கூழ் மாதிரி. சூடு ஆறினால் ருசி போய்விடும், வாங்கிய இடத்திலேயே நின்று தின்றுவிடுங்கள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

பெஸ்டோ பிறந்த ஊர் இது. ப்ரா என்ற பகுதியில் விளையும் இளந்துளசி போன்ற பாசிலிக் இலை, பைன் கொட்டை, பூண்டு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், பளிங்கு உரலில் மர உலக்கை. த்ரோஃபியே என்ற முறுக்கிய பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்துப் பெஸ்டோவில் பிரட்டித் தருவார்கள். பாஸ்தாவில் உருளைக்கிழங்கா என்று நினைக்க வேண்டாம், அதுதான் இங்கே முறை. ஒரு விஷயம்: பார்மிஜானோ, பெக்கொரினோ இரண்டும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்பவை. அதில் கறாராக இருப்பவர்கள் "சென்சா ஃபொர்மாஜ்ஜோ" என்று சொல்லிப் பாலாடைக்கட்டி இல்லாமல் கேட்க வேண்டும், சம்மதிக்கும் கடை குறைவு. கீரை அடைத்த பன்ஸோத்தி என்ற பாஸ்தாவும் வால்நட் சாறும் இன்னொரு நல்ல தேர்வு, அதில் முட்டையும் பாலாடைக்கட்டியும் இருக்கும். காய்கறிப் பலகாரம் என்று நினைத்து வாங்குவதில் நெத்திலி மாதிரியான அச்சூகே ஒளிந்திருக்கும், அந்தச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை ஸ்தலியேனோ. கல்லறைக்கா கூட்டிப்போகிறாய் என்று அம்மா கேட்பார். 1851-இல் திறந்த அந்த இடுகாடு உண்மையில் ஒரு சிற்பக்கூடம். வளைவு மண்டபங்களில் வணிகர்களும் வக்கீல்களும் பளிங்கில் படுத்திருக்க, பக்கத்தில் சரிகைப் பின்னல் வரை செதுக்கிய உடையில் விதவைகள் அழுகிறார்கள். பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்துவைத்தவை. அவர்கள் நடுவே ஒரு கிழவி நின்றுகொண்டிருப்பாள். கையில் கொட்டைகளைக் கோத்த மாலை, வளையமாகச் சுட்ட ரொட்டி. அவள்தான் கத்தெரீனா கம்பொதோனிக்கோ. திருவிழாக்களில் வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் கொட்டை விற்றவள். சேர்த்த காசையெல்லாம் கொண்டுபோய் லொரென்ஸோ ஒரெங்கோ என்ற பெயர்பெற்ற சிற்பியிடம் கொடுத்துத் தன் சிலையைத் தானே செய்யச் சொன்னாள், உயிரோடு இருக்கும்போதே. 1881-இல் சிலை நின்றது. மறுவருடம் அவள் போனாள். விழாக்கால உடுப்பு, முந்தானை ஓரச் சரிகை, கையில் வியாபாரச் சரக்கு. பக்கத்திலிருக்கும் பிரபுக்கள் யார் என்று இன்று யாருக்கும் தெரியாது, இவளைத்தான் எல்லோரும் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். பேருந்தில் போகலாம், தரைமட்ட மண்டபங்களே போதும், மேலே மலைப் பகுதிக்கு ஏற வேண்டாம். மாலையில் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள்.

அன்று மாலையே பொக்காதாஸ்ஸே. மஞ்சளும் சிவப்புமாக வீடுகள், நடுவில் கூழாங்கல் கரை, இழுத்துப் போட்ட படகுகள். நகரத்துக்குள் மாட்டிக்கொண்ட மீனவக் குப்பம். சூரியன் இறங்கும் நேரத்துக்குப் போய் ஐஸ்கிரீமோடு கல்லில் உட்காருங்கள், வேறு வேலை அங்கே இல்லை.

மூன்றாம் நாளைத்தான் அஞ்சலட்டைக் காட்சிக்கு ஒதுக்குவேன். அதற்குச் சிங்க்வே தெர்ரே வேண்டாம், மே மாதத்தில் அந்தக் கிராமங்களின் நடைமேடையில் நிற்கவே இடம் இருக்காது. ப்ரின்யோலே நிலையத்தில் ரயிலேறினால் அரை மணி, முக்கால் மணியில் கமோலி. கடலைப் பார்த்து உயர உயரமான வீடுகள், அதில் பாதி ஜன்னல் பொய். இந்தப் பக்கத்துக் கடலோரத்தில் இல்லாத ஜன்னலையும் தூணையும் சுவரில் வண்ணத்தால் வரைந்துவிடுவார்கள், எது நிஜம் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. நிலையத்திலிருந்து கரைக்கு இறங்கப் படிகள் உண்டு, அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம்.

அங்கிருந்து படகில் சான் ஃப்ருத்துவோசோ. சாலை கிடையாது. மலைப்பாதையில் நடந்து வரவேண்டும், இல்லாவிட்டால் கடல் வழி. ஒரு சின்ன வளைகுடாவில் தண்ணீரை ஒட்டிப் பழைய மடம் ஒன்று, உள்ளே தோரியா என்ற ஜெனோவா பிரபுக் குடும்பத்தின் கல்லறைகள். 1915 வெள்ளத்தில் மலை சரிந்து மடத்தின் ஒரு பகுதியை அடித்துப்போனது. இன்று எல்லோரும் துண்டு விரித்துப் படுக்கும் கரை அந்த வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய கல்லால் ஆனது. வளைகுடாவில் ஏறக்குறைய 17 மீட்டர் ஆழத்தில் 1954-இல் இறக்கிய வெண்கல இயேசு கைகளை விரித்து மேலே பார்த்தபடி நிற்கிறார். முக்குளிக்கத் தெரியாதவர்களுக்காக அதன் நகல் ஒன்றைத் தேவாலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் படகு ஓடாது, கரையிலேயே அட்டை மாட்டிவிடுவார்கள். அப்படியானால் திரும்பும் ரயிலில் நெர்வியில் இறங்குங்கள். பாறை விளிம்பில் இரண்டு கிலோமீட்டர் நடைபாதை, வழியெல்லாம் பெஞ்சு, நிலையத்தை விட்டு வந்ததுமே தொடங்கிவிடும். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாத சீட்டு சீட்டே இல்லை என்பது பரிசோதகரின் கட்சி, நான் அதில் ஒருமுறை அபராதம் கட்டியவன்.